துணைச் சிகிச்சை: மாற்றும் அல்ல, இணையும் அல்ல

“காசநோய்க்கு லேசர் ஒளி மாற்றுச் சிகிச்சையாகப் பயன்படுகிறது.” சொற்கள் சற்று முன்பின்னாக இருக்கும், அவ்வளவுதான், இதே வாக்கியம் தமிழ் மருத்துவக் கட்டுரைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆங்கில மூலத்தில் இருப்பது ‘அட்ஜங்க்டிவ் தெரபி’. அதை ‘மாற்று’ என்று எழுதுவது நோயாளியின் உயிரோடு விளையாடுவது.

வேர் எளிது. லத்தீனில் ‘அட்’ என்றால் பக்கத்தில். ‘யுங்கெரே’ என்றால் பூட்டுதல், சேர்த்தல். நம் ‘யோகம்’ பிறந்த வடமொழி வேரான ‘யுஜ்’ இதற்கு உறவு. ஆக, ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் பக்கத்தில் சேர்க்கப்பட்டது என்பதே பொருள். அந்த ஒன்று இல்லாவிட்டால் இதற்கு இடமே இல்லை.

தமிழில் ‘மாற்று’ என்பது இதற்கு நேர் எதிர். ஆட்டத்தில் மாற்று வீரர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே போகிறார். மாற்று வழி என்றால் பழைய வழியில் போக வேண்டாம் என்று பொருள். அப்படியானால் மாற்றுச் சிகிச்சை என்று படிப்பவர் என்ன நினைப்பார்? மாத்திரையை விட்டுவிடலாம் என்றுதான். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண நுரையீரல் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பூட்டால் என நான்கு மருந்துகள். பிறகு எண்ணிக்கையைக் குறைத்து 4 மாதம். சில வாரங்களிலேயே இருமல் குறைந்து உடம்பு தேறிவிடும். கிருமி மட்டும் உள்ளே இருக்கும். அந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். இப்படிப்பட்ட நோயைப் பற்றி எழுதும்போது ‘மாற்று’ என்ற சொல்லை அலட்சியமாகப் போட எப்படி மனம் வருகிறது?

‘மாற்று’ தவறு என்று ஒப்புக்கொள்பவர்கள் அடுத்துக் கொண்டுவருவது ‘இணைச் சிகிச்சை’. இதைத்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேட்கச் சரியாகவே ஒலிக்கிறது. கொரோனா காலத்தில் ‘இணைநோய்’ எல்லோர் வாயிலும் புழங்கியது. அந்த அச்சில் இதையும் வார்த்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். ஆனால் இணைநோய் பொருந்துகிற காரணம் வேறு. சர்க்கரை நோயும் காசநோயும் ஒருவருக்குச் சேர்ந்து வந்தால் இரண்டும் தனித்தனியே முழு நோய்கள். ஒன்று குணமானாலும் மற்றது நிற்கும். துணையாகத் தரும் சிகிச்சைக்கு அந்தத் தகுதி கிடையாது. ‘இணை’ என்ற சொல் சமநிலையைச் சொல்கிறது. இணையில்லாதவன் என்றால் நிகரில்லாதவன். இணைகோடுகள் என்றால் ஒன்றையொன்று சாராமல் ஓடுபவை. அலுவலகப் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே போதும்: இணை இயக்குநரும் துணை இயக்குநரும் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். லேசரை மாத்திரைக்கு ‘இணை’ என்றால், இன்னும் தன்னை நிரூபிக்காத ஒன்றுக்குச் சம நாற்காலி போட்டுக் கொடுக்கிறோம்.

‘கூட்டுச் சிகிச்சை’யும் உதவாது, நான்கு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்களே, அதுதான் கூட்டு. சித்த மருத்துவத்தின் ‘அனுபானம்’ அழகான சொல், அதைத் துணைமருந்து என்று விளக்குவதும் உண்டு. ஆனால் அனுபானம் என்பது மருந்தை உடலுக்குள் கொண்டுசெல்ல அதோடு சேர்த்துக் கொடுப்பது. லேசர் மருந்தோடு கலப்பதில்லை.

ஆகவே துணைச் சிகிச்சை. இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. ‘வந்துவிட்டான்’ என்பதில் ‘வா’ முதல்வினை, ‘விடு’ துணைவினை. முதல்வினையை எடுத்துவிட்டால் துணைவினைக்கு அங்கே வேலை இல்லை. ‘சிகிச்சை’ வடமொழி, ‘துணைப் பண்டுவம்’ என்று எழுது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மாத்திரை அட்டையைக் கையில் வைத்திருப்பவருக்குச் சட்டென்று விளங்குவது சிகிச்சைதான். இங்கே தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். அப்புறம், எதற்குத் துணை என்பதையும் கூடவே எழுதிவிட வேண்டும்: “காசநோய் மாத்திரைகளோடு சேர்த்து, துணைச் சிகிச்சையாக லேசர் ஒளி தரப்படுகிறது.” இதைப் படித்து யாரும் மாத்திரையை நிறுத்த மாட்டார்கள்.

ஒரு சிகிச்சை துணையா முதன்மையா என்பதை அது நிற்கும் இடம்தான் முடிவு செய்கிறது. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் செறிவூட்டிய ஒளியால் தோல் காசநோய்க்கு மருத்துவம் செய்து 1903இல் நோபல் பரிசு பெற்றார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்தே இல்லாத காலம் அது. அங்கே ஒளி முதன்மைச் சிகிச்சை. இன்று மருந்து இருக்கிறது. முன்னாள் சோவியத் நாடுகளிலும் இந்தியாவிலும் காசநோய்க்குத் தந்த லேசர், அந்த மருந்துகளுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டதுதான்.

லேசர் என்ற சொல்லிலும் ஒரு வம்பு. அது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை. கடைசி எழுத்து ‘ரேடியேஷன்’ என்பதைக் குறிப்பதால் ‘லேசர் கதிர்வீச்சுச் சிகிச்சை’ என்று எழுதிவிடுகிறார்கள். கதிர்வீச்சு என்றதும் தமிழர் மனத்தில் வருவது புற்றுநோய் சிகிச்சை. இங்கே நடப்பது வெறும் ஒளி. ‘சீரொளி’ நல்ல சொல். லேசர் என்றே எழுதினாலும் பழுதில்லை. காசநோய்க்குத் தரும் லேசர் வகையைக் ‘குறைந்த அளவு லேசர்’ என்பதைவிடக் ‘குறைதிறன் லேசர்’ என்பது சரி, ஏனென்றால் குறைவாக இருப்பது கருவியின் திறன்.

பெயரைச் சரியாக வைத்தால் ஆராய்ச்சியின் கேள்வியும் சரியாகிறது. மாற்று என்றால் மாத்திரையா லேசரா என்று கேட்போம். துணை என்றால் கேள்வி வேறு: மாத்திரை மட்டும் எடுப்பவரைவிட மாத்திரையோடு லேசரும் பெறுபவர் கூடுதலாக நலம் பெறுகிறாரா? மாத்திரையே குணப்படுத்தும் நோயில், லேசர் பெற்றவர் தேறினார் என்பது மட்டும் எதையும் காட்டாது. இரு பிரிவுக்கும் ஒரே மாத்திரை, யாருக்கு லேசர் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது, இரண்டும் வேண்டும். காசநோய் மூளையுறை அழற்சிக்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அப்படித்தான் இடம் பிடித்தது. வியட்நாமில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், காசநோய் மருந்தோடு அதையும் பெற்றவர்களிடம் இறப்பு குறைந்தது. லேசருக்கு இந்த உறுதி கிடைக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2006ஆம் ஆண்டு மீளாய்வு, காசநோய்க்கு லேசர் தருவதை ஆதரிக்க நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடித்தது.

இந்த முடிவையும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் விட்டுவைப்பதில்லை. ‘சான்று இல்லை’ என்பதை ஒருவர் ‘பயனில்லை என்று நிரூபணம்’ என்கிறார். இன்னொருவர் ‘ஆய்வுகள் நடந்துள்ளன’ என்று பூசி மெழுகுகிறார். பயன் உண்டு என்று காட்டும் தரமான ஆய்வு இல்லை என்பதற்கும், பயன் இல்லை என்று ஆய்வு காட்டியது என்பதற்கும் இடையே பெரிய தூரம். முதல் வாக்கியம் இன்னும் ஆய்வு தேவை என்கிறது. இரண்டாவது கதவைச் சாத்துகிறது. மீளாய்வு சொன்னது முதல் வாக்கியத்தைத்தான். அதை அப்படியே எழுதச் சான்று, தரம், ஆய்வு, இல்லை என்ற நான்கு சொற்களே போதும். நான்கும் நம்மிடம் இருக்கின்றன.