தமிழ்ச் சரத்தின் நீளம் ஏன் நிரல்மொழிக்கு நிரல்மொழி மாறுகிறது?

நிரலில் எழுத்துகளின் கோவையைச் சரம் என்பார்கள். 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தான் 3 என்ற நிரல்மொழியில் கேட்டால் 5 என்று விடை வரும். அதே சொல்லுக்குக் கோ, ரஸ்ட் ஆகிய மொழிகள் 15 என்கின்றன. ஸ்விஃப்ட் 3 என்கிறது. நமக்கு 3 மட்டுமே சரியாகத் தோன்றும் என்றாலும் இவற்றில் எதுவும் பிழையில்லை. ஒவ்வொரு மொழியும் வெவ்வேறு பொருளை எண்ணியிருக்கிறது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோடில், தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் இல்லை. இந்திய மொழிகளுக்கான இஸ்கி தரத்தின் அமைப்பைப் பின்பற்றி, உயிரெழுத்துகளுக்கும், ஆய்தத்துக்கும், 'க', 'த' போன்ற அகர உயிர்மெய்களுக்கும், கொக்கி, கால் முதலிய துணைக்குறிகளுக்கும், புள்ளிக்கும் மட்டுமே இந்த எண்கள், அதாவது குறியெண்கள், தரப்பட்டன. எனவே 'தமிழ்' என்பது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாகவே நினைவகத்தில் இருக்கிறது. பைத்தான் எண்ணுவது இவற்றைத்தான். 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த, குறியெண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட் இடம் பிடிப்பதால், பைட்டுகளை எண்ணும் மொழிகளுக்கு அது 15 ஆகிறது.

ஜாவாஸ்கிரிப்டும் 5 என்றே சொல்லும், ஆனால் அது எண்ணுவது 16 பிட் அலகுகளை. 16 பிட்டில் அடங்கும் 65,536 இடங்களே உலக மொழிகளுக்கெல்லாம் போதும் என்று கருதப்பட்ட காலத்தில், 1995-இல் பிறந்த மொழி அது. 'வணக்கம்' என்ற சொல்லின் பின்னால் கைகூப்பும் எமோஜியைச் சேர்த்தால் பைத்தான் 8 என்றும் ஜாவாஸ்கிரிப்ட் 9 என்றும் சொல்வது இதனால்தான்: அந்த எமோஜியின் குறியெண் 65,536-க்குள் அடங்காததால் அதற்கு இரண்டு அலகுகள் தேவைப்படுகின்றன.

இவற்றைவிடத் தொல்லை தருவது, ஒரே மொழியில், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சரங்கள் வெவ்வேறு நீளம் காட்டுவது. 'கௌரி' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஔகாரக் குறியை ஒரே குறியெண்ணாக இட்டால் பைத்தானில் நீளம் 4. அதே குறியை ஒற்றைக்கொம்பு, ஔகார நீட்டல் குறி என இரண்டாகப் பிரித்து இட்டால் 5. இந்த இரண்டையும் யூனிகோடு சமமானவையாகவே கொள்வதால், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி எனப்படும் இயல்பாக்கத்தைச் செய்தால் இரண்டும் 4 ஆகிவிடும். ஆனால் தட்டச்சு செய்தவர் ஒற்றைக்கொம்புக்குப் பின் 'ள' எழுத்தை இட்டிருந்தால், திரையில் வேறுபாடு தெரியாவிட்டாலும், எந்த இயல்பாக்கமும் அதைத் திருத்தாது. ஏனெனில் கணினியைப் பொறுத்தவரை அது 'கெளரி' என்ற வேறு சொல். பயனர் பட்டியலில் தேடும் பெயர் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதால், தமிழ்த் தரவைக் கையாளும் எவரும் இதை முதலில் ஐயுற வேண்டும்.

நீளம் எதிர்பாராத எண்ணாக வந்தால், சரத்தைத் திரையில் பார்ப்பதை விட்டுவிட்டு, அதன் குறியெண்களை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. கோப்பிலிருந்து படித்த வரியின் இறுதியில் ஒட்டியிருக்கும் வரிமுறிப்பு, கோப்பின் தொடக்கத்தில் ஒளிந்திருக்கும் பைட் வரிசைக் குறி, இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தபோது உடன்வந்த அகலமில்லா இணைப்பி ஆகியவை அப்போதுதான் வெளிப்படும்.

வாசகர் காணும் எழுத்துகளையே எண்ண வேண்டுமென்றால், பிஎச்பியில் கிராஃபீம் சார்புகளும் ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டரும் உள்ளன. இவை 'தமிழ்' என்பதற்கு 3 என்றே விடை தரும். ஆனால் 'க்ஷ', 'ஸ்ரீ' ஆகியவற்றை இவை இரண்டிரண்டாக எண்ணும். 2023-இல் வந்த யூனிகோடு 15.1 தேவநாகரி, தெலுங்கு, மலையாளம் முதலிய எழுத்துமுறைகளின் கூட்டெழுத்துகளை ஒன்றாகக் கொள்ளும் விதியைச் சேர்த்தபோதும், தமிழ் அதில் இடம்பெறவில்லை. ஆதலால் அந்த இரண்டையும் ஓரெழுத்தாகக் கொள்ளும் நிரலில், அதற்கான விதியை நாமே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.