"பீர்தானே டாக்டர்?"

"மது அருந்தும் பழக்கம் உண்டா?" என்று கேட்டால் பெண்கள் பலர் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். பேசி முடித்துக் கிளம்பும்போது, "எப்பவாவது பீர் மட்டும்..." என்று இழுப்பார்கள். பொது மருத்துவராக இதை இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறேன். சொல்லத் தயங்குகிறார்களே என்று வருத்தமாக இருக்கும். பீரை மதுக் கணக்கிலேயே சேர்க்காதது அதைவிடப் பெரிய கவலை.

சில மாதங்களுக்கு முன்பு வந்த ஒரு பெண்ணுக்குப் பீர் காய்ச்சுவதே தொழில். ரத்தத்தில் கல்லீரல் என்சைம்கள் கூடியிருந்தன, கல்லீரல் பாதிக்கப்படுவதன் அறிகுறி. "குடிக்கணும்னு குடிக்கறது இல்ல டாக்டர். ஒவ்வொரு தொட்டியிலயும் சுவை பார்க்கணும்." துப்பிவிட முடியாதா என்றேன். "கசப்பு முழுசாத் தெரியணும்னா விழுங்கித்தான் ஆகணும்."

மேஜையிலிருந்த அளவுக் குவளையைக் கொடுத்து, ஒரு தடவைக்கு எவ்வளவு என்று தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்னேன். 100 மில்லி கோட்டைத் தொட்டது. ஒரு நாளைக்கு எத்தனை முறை? விரல் விட்டு எண்ணினார். ஏழு. ஐந்து சதவீத பீர் என்றால் அதிலேயே சுமார் 28 கிராம் ஆல்கஹால். வீட்டுக்குப் போய்க் குடிப்பது தனிக் கணக்கு. அவர் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

330 மில்லி பீரில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 40 மில்லி விஸ்கியிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். எட்டு சதவீத 'ஸ்ட்ராங்' பீரை அரை லிட்டர் குடித்தால் 30 கிராமைத் தாண்டிவிடும். அதே அளவு குடித்தாலும் ஆணைவிடப் பெண்ணின் ரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாக ஏறும். உடலில் நீரின் பங்கு குறைவு, இரைப்பையிலேயே ஆல்கஹாலைச் சிதைக்கும் என்சைமும் பொதுவாகக் குறைவு. கல்லீரல் பாதிப்பும் குறைந்த ஆண்டுகளிலேயே வருகிறது.

மார்பகப் புற்றுநோயைப் பற்றி அவர்கள் கேட்காமலே நான் சொல்லிவிடுவேன். தினமும் 10 கிராம் ஆல்கஹால் கூடினால் அந்த ஆபத்து ஏழு முதல் பத்து சதவீதம் வரை கூடுகிறது. பீர், ஒயின் என்று பேதமில்லை. அப்புறம், பால் சுரக்கப் பீர் நல்லது என்ற நம்பிக்கை. பார்லி சுரப்பைத் தூண்டலாம். ஆனால் ஆல்கஹால் பால் இறங்குவதைத் தடுக்கிறது, பாலிலும் கலக்கிறது.

தொழிலைப் பற்றிப் பேசும்போது பீர் காய்ச்சும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. இன்றைய ஈராக்கில் வாழ்ந்த பழங்காலச் சுமேரியர்களுக்குப் பீரின் தெய்வம் நின்காசி என்ற பெண் தெய்வம் என்றார். அவளைப் போற்றும் பாடல் கி.மு. 1800 வாக்கில் களிமண் பலகையில் எழுதப்பட்டது. அதிலேயே காய்ச்சும் முறையும் இருக்கிறது. கி.பி. 1300 வாக்கில் இங்கிலாந்தில் ஏல் என்ற பழைய வகைப் பீரைக் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். சில நாளில் கெட்டுவிடும் பானம் என்பதால் வீட்டிலேயே காய்ச்சி, மிஞ்சியதை விற்றார்கள். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைச் சேர்த்த பீர் நாள்பட நின்றது. பெரிய தொட்டி, பெரிய முதல், தூரத்துச் சந்தை என்று தொழில் வளர்ந்தது. முதலும் வணிகச் சங்கங்களும் ஆண்களிடம் இருந்ததால் தொழிலும் மெல்ல அவர்களிடம் போனது. இப்போது பெண்கள் திரும்ப வருகிறார்கள். அமெரிக்காவில் டெரி ஃபாரன்டார்ஃப் 2007-இல் தொடங்கிய பிங்க் பூட்ஸ் சொசைட்டி பீர்த் தொழிலில் இருக்கும் பெண்களுக்கான அமைப்பு. அவர்கள் திரும்பி வருவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். வரும்போது இந்தக் கணக்கும் கையில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும்: தினமும் நிறையக் குடிப்பவர்கள், குடிக்காத நாளில் கை நடுங்கினாலோ வியர்த்துக் கொட்டினாலோ, தாங்களாகவே சட்டென்று நிறுத்த வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் பெண் சுவை பார்க்கும் மாதிரியின் அளவை 20 மில்லியாக்கினார், இரண்டு சக ஊழியர்களோடு முறை வைத்துக்கொண்டார், வீட்டில் நிறுத்திவிட்டார். மூன்று மாதத்தில் என்சைம்கள் இறங்கின. போன வாரம் வந்து, குழந்தைக்கு முயற்சி செய்யப்போவதாகச் சொன்னார். அப்படியென்றால் ஒரு வாய்கூட வேண்டாம், கர்ப்பத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றேன். "சரி டாக்டர், மோந்து பார்த்தே பாதி சொல்லிடுவேன். வெண்ணெய் வாசனை வந்தா ஈஸ்ட் இன்னும் வேலையை முடிக்கலைன்னு அர்த்தம்" என்றார். சுவை பார்க்கும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்லி அவருடைய மேலாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.