சோதனைக் குழாயின் நிறத்தைப் பார்த்து உயிர் உரம் வாங்காதீர்கள்

மறுபடியும் ஒரு நாற்றுத் தட்டு ஆய்வகத்துக்கு வந்திருக்கிறது. வேர்கள் தடித்துக் குட்டையாக நிற்கின்றன. நோய் ஏதும் இல்லை. பரிந்துரைத்த அளவைப் போலப் பல மடங்கு அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரப் பாக்டீரியாவில் விதையை ஊறவைத்திருக்கிறார்கள். "இயற்கையான பாக்டீரியாதானே, கூடினால் என்ன?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இந்தப் பாக்டீரியா ஆக்சின் என்ற தாவர வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. ஆக்சின் மிஞ்சினால் வேர் நீளாது. 2,4-டி என்ற களைக்கொல்லியே செயற்கை ஆக்சின்தான். ஒலிவ மரத்தில் கழலை உண்டாக்கும் சூடோமோனாஸ் சவஸ்டனோய் என்ற பாக்டீரியாவும் இதே ஹார்மோனைத்தான் சுரக்கிறது.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது இன்னொன்று: "எங்கள் பாக்டீரியா ரகம் ஆய்வில் அதிக ஆக்சின் தந்தது" என்ற விளம்பரம். அந்த ஆய்வில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை நாமே ஊற்றுகிறோம். பாக்டீரியா அதை ஆக்சினாக மாற்றுகிறது. மண்ணில் அப்படி யாரும் ஊற்றுவதில்லை, வேர்க்கசிவில் வருவதுதான் கிடைக்கும். அதோடு, ஆக்சின் தயாரிக்கும் மரபணு எப்போதும் திறந்திருக்கும் குழாய் அல்ல. அசோஸ்பைரில்லம் பிரேசிலென்ஸில் இதற்கான முக்கிய மரபணு ஐபிடிசி (ipdC). வளர்ச்சி மந்தமாகும்போதும், கார்பன் உணவு குறையும்போதும், சூழல் அமிலமாகும்போதும் அது கூடுதலாக இயங்குகிறது. ஆக்சினே அதைத் தூண்டவும் செய்கிறது. சுரந்தது மேலும் சுரக்க வைக்கிறது. ஆகவே குடுவையில் பார்த்த எண், வேரடியில் அப்படியே நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம், ஆக்சினை நிறத்தால் அளக்கும் சால்கோவ்ஸ்கி சோதனையின் இளஞ்சிவப்பு நிறம் ஆக்சினுக்கு மட்டும் உரியதல்ல. இண்டோல் பைருவிக் அமிலம் போன்ற வேறு இண்டோல் சேர்மங்களும் நிறம் தரும். சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி (HPLC) முறையில் உறுதி செய்யாத எண்ணை நான் ஏற்பதில்லை. ஆய்வு மாணவர்களே, எவ்வளவு டிரிப்டோஃபேன் சேர்த்தீர்கள், எத்தனை மணி நேரம் வளர்த்தீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.

பயன்படுத்துபவர்களுக்கு: உறையில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். காலாவதியானதை ஊற்றாதீர்கள். பூஞ்சாணக்கொல்லி பூசிய விதையில், இரண்டும் ஒத்துப்போகுமா என்று தெரியாமல் பாக்டீரியாவைப் பூசாதீர்கள். புது பாக்டீரியா ரகமென்றால் முதலில் கொஞ்சம் விதையில் மட்டும் பூசி, பூசாத விதையையும் பக்கத்திலேயே முளைக்க வையுங்கள். இரண்டிலிருந்தும் நாற்றைப் பிடுங்கி வேரின் நீளத்தை அளந்து பாருங்கள். குட்டையாக இருந்தால் அளவைக் குறைத்து மறுபடி முளைக்க வைத்துப் பாருங்கள். அதற்கு முன் மொத்த விதையையும் நனைக்க வேண்டாம்.