வெரிக்கோஸ் வெயின்: நரம்பா, நாளமா?

கிளிநொச்சிச் சந்தையில் நின்று "நாளப் புடைப்பு" என்று சொன்னால் பலர் முழிப்பார்கள். "கால் நரம்பு சுருண்டு கிடக்கு" என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவரே சாரத்தைக் கொஞ்சம் தூக்கித் தன் கெண்டைக்காலைக் காட்டுவார். கிளினிக் துண்டில் அதுதான் வெரிக்கோஸ் வெயின்.

இரண்டு சொல்லும் லத்தீன் வழி வந்தவை. வேனா என்றால் நாளம், அதாவது இதயத்துக்கு இரத்தம் திரும்புகிற குழாய்; வாரிக்ஸ் என்றால் விரிந்து புடைத்த நாளம். காலில் வந்தால்தான் அந்தப் பேர் என்றில்லை, ஈரல் சுருங்கிப்போனவர்களுக்கு உணவுக்குழாயின் அடியில் புடைத்து இரத்தம் கக்க வைப்பதற்கும் இதே பேர்தான். பழைய வருத்தம் இது. ரோமத் தளபதி மாரியஸ் தன்னைக் கட்டிப்போட விடாமல் ஒரு காலை அறுக்கக் கொடுத்தாராம், மற்றக் காலுக்கு வைத்தியர் வந்தபோது இந்த நோவுக்கு அந்தச் சுகம் காணாது என்று வேண்டாம் என்றுவிட்டாராம். விறைப்பு ஊசி இல்லாத காலம், பாவம்.

சரி, நரம்பு என்பது பிழையா? புறநானூறு 278-இல் கிழவியின் தோளை "நரம்பெழுந்து உலறிய" என்று பாடியிருக்கிறது. தோலுக்கு மேலே எழுந்து தெரிகிற நரம்பு அது. ஆகவே ஊர்ச்சொல்லுக்கு வயது அதிகம், கேலி செய்ய ஒன்றுமில்லை. சிக்கல் பாமசியில்தான் வருகிறது. இன்றைய மருத்துவத்தில் நரம்பு என்றால் உணர்ச்சியைக் கடத்துவது, அதனால் "நரம்பு வருத்தம்" என்று கேட்பவர் கையில் விற்றமின் பி குளிசை வந்து சேரும். புடைத்த நாளத்துக்கு அது ஒன்றும் செய்யாது.

எங்கள் பள்ளிப் புத்தகத்தில் இதயத்திலிருந்து போவது நாடி, இதயத்துக்குத் திரும்புவது நாளம். தமிழ்நாட்டில் தமனி, சிரை என்பார்கள், இந்த நோயைச் சுருள்சிரை என்றும் எழுதுவார்கள். நாளம் என்றால் முதலில் துளையுள்ள தண்டு, தாமரைத் தண்டைப் போல. எனக்கு நாளப் புடைப்புத்தான் பிடிக்கும், ஏனென்றால் சுருளாமல் வெறுமனே விரிந்து நிற்பதும் அதில் அடங்கும்.

காலிலிருந்து இரத்தம் மேலே ஏற வேண்டும். கெண்டைத் தசை அமத்தித் தள்ளும், நாளத்துக்குள் இருக்கிற சின்ன வால்வுகள் திரும்பி இறங்காமல் மறிக்கும். வோட்டர் பம்மின் குழாயடியில் இருக்கும் புட்வால்வு பழுதானால் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடுகிறதல்லவா, இங்கேயும் அதேதான். தேங்கிய இரத்தத்தின் அமுக்கத்தில் நாளம் விரிகிறது. நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிற ஆடைத்தொழிற்சாலைப் பிள்ளைகள், ரீச்சர்மார், கொத்துரொட்டிக் கல்லடியில் நிற்பவர்கள், கர்ப்பிணிகள், தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பின்னேரத்தில் கால் பாரம், கணுக்கால் வீக்கம், இரவில் கெண்டை பிடிப்பு. இதோடு பலருக்கு நின்றுவிடும். சிலருக்கு உட்கணுக்காலுக்கு மேலே தோல் கபிலமாகி, கடித்து, தடித்து, கடைசியில் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகும். வயலில் சேற்றுக்குள் நிற்கிற காலில் அது வந்தால் படும்பாடு சொல்லி முடியாது. தோல் கறுக்கத் தொடங்கியதுமே சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போவது நல்லது. அமுக்கக் காலுறை, ஊசி, லேசர், சத்திரசிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. சீனி வருத்தக்காரரும் புகைப்பவரும் நாடியில் இரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பிக்காமல் இறுக்கமான காலுறை போடக்கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி நொந்தால் உள்நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கே ஆசுப்பத்திரி.

அப்புறம், புடைத்த இடம் முள்ளுக் கீறி வெடித்தால் இரத்தம் பயப்படுகிற அளவுக்குப் பாயும். பாம்புக்கடிக்குச் சிலர் கட்டுகிற மாதிரி மேலே துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள், அது இன்னும் கூட்டும். ஆளைப் படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தையே அமத்திப் பிடித்துக்கொண்டு வண்டிக்குச் சொல்லுங்கள்.