லேபல் இல்லாத பினாயில்: கேட்கவும் முறையிடவும் உங்களுக்கு உரிமை உண்டு

மார்கழி மழை விட்டு வெள்ளம் வடிந்ததும் திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், கிண்ணியா பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே வேலைதான். சேற்றை வழித்துத் தள்ளிவிட்டுக் கடைக்கு ஓடிப் பினாயில் வாங்கி வந்து ஊற்றுவது. அதுவும் பழைய சோடாப் போத்தலில் அடைத்து, பெயரோ திகதியோ இல்லாமல் விற்கிற வெள்ளைப் பினாயில். மணம் மூக்கைத் துளைத்தால் கிருமி செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் மணத்துக்கும் கிருமியைக் கொல்லும் சக்திக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தச் சக்தியை அளக்க 1903இல் ரிடீல், வாக்கர் என்ற இருவர் ஒரு சோதனை கொண்டுவந்தார்கள். எவ்வளவு தண்ணீர் கலந்த பிறகும் ஒரு திரவம் தைபோயிட்டுக் கிருமியைக் கொல்கிறது என்று பீனோல் என்ற கிருமிநாசினியோடு ஒப்பிடுவது. அந்த ஒப்பீட்டில் வரும் எண் 5 என்றால், பீனோலை விட 5 மடங்கு தண்ணீர் கலந்தாலும் அதே வேலையைச் செய்யும் என்று அர்த்தம். ஆனால் அது சுத்தமான தண்ணீரில் செய்த சோதனை. 1908இல் சிக், மார்ட்டின் இருவரும் கூடவே மலத்தூளையும் கலந்து சோதித்தார்கள், பல திரவங்களின் சக்தி அதில் குறைந்துபோனது. நமக்கு மிகவும் வேண்டிய பாடம் இதுதான், சேற்றின் மேல் எதை ஊற்றினாலும் வீண், முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

கிருமி கொல்லப் போத்தலில் விற்கிற குளோரின் திரவம் இன்னொரு தலையிடி. வெயிலிலும் சூட்டிலும் அதன் சக்தி இறங்கிக்கொண்டே போகும், திருகோணமலை வெயிலில் கடை வாசலில் அடுக்கி வைத்த போத்தலில் லேபலில் போட்ட 5 வீதக் குளோரின் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் உற்பத்தித் திகதியைப் பாருங்கள். உண்மையிலேயே 5 வீதம் என்றால் 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர், தரை துடைக்கப் போதும். கழிப்பறை அசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

சரி, உரிமைக்கு வருவோம். எஸ்.எல்.எஸ். முத்திரை இலங்கைத் தரக்கட்டளைகள் நிறுவனம் கொடுப்பது, அது உள்ளதைத் தேடி வாங்குங்கள். லேபல், விலை பற்றி வியாபாரிகளுக்குக் கட்டளையிடும் அதிகாரம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு இருக்கிறது. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பொருள் தரமில்லை என்று பட்டால் அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம், எழுத்திலான முறைப்பாடு என்றால் வாங்கி 3 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கிணற்றுக்கு நீங்களாகவே குளோரின் அள்ளிப் போடாதீர்கள், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லுங்கள். போட்டு அரை மணி நேரம் கழித்தும் லீட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சி நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதை அளந்து சொல்லும்படி கேளுங்கள். அப்புறம், சந்தேகமான போத்தலைக் கழுவி எறிந்துவிடாதீர்கள், முறைப்பாட்டுக்கு மிச்சத் திரவத்தோடு அதுவும் வேண்டும்.