பூனை இல்லாத ஃபிரேம்

‘டாம் அண்ட் ஜெர்ரி’ பார்த்துக்கொண்டிருந்தபோது துரத்தல் காட்சி ஒன்றைத் தற்செயலாக நிறுத்தியதாகவும், திரையில் பூனையே இல்லை என்றும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். “வெறும் சாம்பல் கோடுகள்தான் இருந்தன. ஓடவிட்டால் மட்டும் டாம் எப்படித் தெரிகிறது?”

கடிதத்தைப் படித்த கையோடு நானும் ஒரு படத்தை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பாய்வதற்காக டாம் உடலைப் பின்னுக்கு இழுக்கிறது. அடுத்த ஃபிரேமில் தலையும் இல்லை, காலும் இல்லை. காய்ந்த தூரிகையால் இழுத்த ஏழெட்டுச் சாம்பல் கீற்றுகள், நடுவே கொஞ்சம் வெள்ளை. அவ்வளவுதான். பிறகு அறையின் மறுகோடியில் முழு டாம் நிற்கிறது.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை எம்.ஜி.எம். ஸ்டுடியோவுக்காக இப்படி 114 குறும்படங்களை எடுத்தார்கள். ஏழு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளின் முன்பக்கம் மையால் கோடு, பின்பக்கம் வண்ணம். அதைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம்பிடிப்பார்கள். நொடிக்கு 24 ஃபிரேம். ஏழு நிமிடப் படத்துக்குப் பத்தாயிரம் ஃபிரேமுக்கு மேல் வேண்டும்.

நின்றுகொண்டிருக்கும் இந்தப் படங்கள் எப்படி ஓடுகின்றன? ‘பார்வை நீட்டிப்பு’ என்று பள்ளியில் படித்திருப்போம். விழித்திரையில் பிம்பம் ஒரு நொடியில் பதினாறில் ஒரு பங்கு தங்குவதால் அடுத்த படம் அதனோடு சேர்ந்துவிடுகிறதாம். இந்த விளக்கம் இன்னும் அச்சில் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கொஞ்சம் யோசித்தாலே போதும்: பழைய பிம்பத்தின் மேல் புதிய பிம்பம் படிந்தால் நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த நான்கைந்து டாம்கள்; ஓடுகிற ஒரு டாம் அல்ல.

அசைவை உண்டாக்குவது மூளை. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகள். ஒன்றைக் காட்டி மறைத்து, சுமார் 60 மில்லி நொடி கழித்து மற்றதைக் காட்டினால், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்ததாகத் தெரியும். இடைவெளியை மிகவும் குறைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும்; நீட்டினால் தனித்தனியாக வரும். ரயிலில் போகும்போது இந்த யோசனை தோன்றி, பிராங்பர்ட்டில் இறங்கி, படம் ஓட்டும் ஒரு பொம்மையை வாங்கி அவர் ஆரம்பித்தார் என்பது உளவியல் மாணவர்கள் வழிவழியாகக் கேட்டுவரும் கதை. இன்று ஒருவர் பொம்மையோடு போய் ஆய்வு நிதி கேட்டால், ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயன் தெரிந்த பிறகுதான் பணம் என்றால், பயனே தெரியாத கேள்விகளை யார்தான் கேட்பது?

சரி, கீற்றுக்கு வருவோம். மூளை இரண்டு பிம்பங்களை இணைக்க வேண்டுமானால், இதுவும் அதுவும் ஒன்றே என்று முதலில் அடையாளம் காண வேண்டும். இடைவெளி சிறியதாக இருந்தால் சிரமமில்லை. டாம் ஒரே ஃபிரேமில் பாதித் திரையைத் தாண்டினால் இணைப்பு அறுந்துபோகும்; ஒரு பூனை மறைந்து வேறொரு பூனை முளைத்ததுபோல வெட்டி வெட்டித் தெரியும். நிஜ மனிதர்களைப் படம்பிடிக்கும் கேமராவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதன் மூடி (ஷட்டர்) பொதுவாக நொடியில் 48இல் ஒரு பங்கு நேரம் திறந்திருப்பதால், வீசும் கை தானாகவே கலங்கிப் பதிகிறது. ஆனால் வரைந்த கோடு எவ்வளவு வேகத்திலும் கூர்மையாகவே நிற்கும். அந்தக் கலங்கலைக் கையால்தான் செய்தாக வேண்டும்.

அதற்குத்தான் அந்த உலர்தூரிகை. வண்ணத்தில் தோய்த்த தூரிகையை ஏறக்குறையக் காயும்வரை துடைத்துவிட்டு, செல்லுலாய்டின் மேல் பாய்ச்சலின் திசையிலேயே ஓர் இழுப்பு. மயிரிழைகள் பிரிந்து, ஒவ்வொன்றும் தனிக் கோடாகப் பதியும். டாமின் சாம்பல், வயிற்றின் வெள்ளை இரண்டும் இருந்தால் போதும். மூளை பூனையைப் பிடித்துக்கொள்கிறது.

1999இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வில்சன் கைஸ்லர் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. பார்வை நரம்பணுக்கள் ஒளியைச் சற்று நேரம் சேர்த்துவைத்துக்கொள்வதால், வேகமாக நகரும் எதுவும் நமக்குள் ஒரு கோட்டை இழுத்துவிட்டுப் போகிறது. எந்தக் கோட்டின் வழியே அது நகர்ந்தது என்பதை அறிய மூளை அந்தத் தடத்தையே பயன்படுத்துகிறது என்றார் அவர். அசைவை உண்டாக்குவதாக நாம் தவறாகப் படித்த அதே தேக்கத்துக்கு உண்மையில் இப்படியொரு வேலை இருந்திருக்கிறது! ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஸ்டுடியோ மேசைகளில் குனிந்திருந்த ஓவியர்கள் அந்தத் தடத்தைத் தாளில் வரைந்து நம் கண்ணுக்குத் தயாராகக் கொடுத்திருக்கிறார்கள்.

கடிதம் எழுதிய மாணவிக்கு: அதே இடத்தை மறுபடி நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். கீற்று ஒன்று அல்லது இரண்டு ஃபிரேம்களில்தான் இருக்கும். அது எந்தப் பக்கம் மெலிந்து கரைகிறதோ, டாம் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும்.