வானம் பளிச்சென்று இருக்கிறது, விமானம் ஏன் ரத்து?

எரிமலைச் சாம்பலால் விமானம் ரத்து என்று பலகையில் வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பதுதான். வானம் நீலமாக இருக்கும், எரிமலையோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எங்கேயோ இருக்கும், இதற்கெல்லாமா நிறுத்துவார்கள் என்று கோபம் வரும். கோபத்தில் தப்பில்லை. சாம்பல் என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது.

அது எரிந்து மிஞ்சிய சாம்பலே இல்லை. பாறைக்குழம்பு மேலே ஏறும்போது உள்ளே அடைபட்டிருந்த வாயுக்கள், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்தமாதிரி, விரிந்து அதைச் சிதறடிக்கின்றன. சிதறியது சட்டென்று குளிர்ந்து கண்ணாடித் தூளும் பாறைத் தூளுமாகிறது. நடுவில் பனியும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2010 ஏப்ரல் 14 அன்று ஐஸ்லாந்தில் எய்யாஃப்யாட்லாயோகுட் (இந்தப் பெயரை வாசிக்கச் செய்தி வாசிப்பாளர்கள் பட்ட பாடு தனிக்கதை) வெடித்தது பனிப்பாறைக்கு அடியில். உருகிய தண்ணீர் பட்டுக் குழம்பு நொறுங்க, தூள் இன்னும் பொடியாகி நெடுநேரம் காற்றில் மிதந்தது, காற்றும் ஐரோப்பாவைப் பார்த்தே வீசிக்கொண்டிருந்தது. சில நாட்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் விமானங்கள் ரத்து, ஒரு கோடிப் பேர்வரை பாதிப்பு.

சரி, தூள் இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும்? இந்தக் கண்ணாடித் தூள் சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்துவிடும். ஜெட் இன்ஜினின் எரிஅறையில் வெப்பம் 1,400 டிகிரியைத் தாண்டும். உள்ளே போன தூள் உருகி, அடுத்திருக்கும் டர்பைன் தகடுகளில் பட்டு, அங்கே கொஞ்சம் குளிர்ந்து, மெருகு பூசினாற்போல் ஒட்டிக்கொள்கிறது. தகடுகளைக் குளிர்விக்கப் போட்டிருக்கும் நுண்ணிய துளைகளும் அடைபடும், காற்று போகும் வழியும் குறுகும். ஒரு கட்டத்தில் காற்று முன்பக்கமாகவே திமிறிக்கொண்டு வர, இன்ஜின் அணைந்துவிடும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை, நடந்திருக்கிறது. 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் ஜாவா தீவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்தது, நான்கு இன்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 37,000 அடியிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி, 13,000 அடியை ஒட்டி வந்தபோதுதான் இன்ஜின்கள் மறுபடி உயிர்பெற்றன. காரணம் வேடிக்கையானது. இன்ஜின் நின்றதால் உள்ளே குளிர்ந்தது, ஒட்டியிருந்த கண்ணாடி விரிசல்விட்டு உதிர்ந்தது, வழி திறந்தது. ஜகார்த்தாவில் இறங்கும்போது முன்கண்ணாடி உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாற்போல் மங்கிப்போய், அதன் வழியே ஓடுபாதை விளக்குகள் சரியாகத் தெரியவில்லை. எல்லோரும் உயிர் தப்பினார்கள். 1989 டிசம்பரில் அலாஸ்காவில் கேஎல்எம் விமானத்துக்கும் இதே கதை. அதன் விமானிகள் சாம்பலைத் தாண்டி மேலே போய்விடலாம் என்று இன்ஜினை முடுக்கினார்கள், வெப்பம் கூடி இன்னும் வேகமாக அடைத்துக்கொண்டது. இன்று விமானிகளுக்குச் சொல்லித்தருவது அதற்கு நேர் எதிர்: இன்ஜின் விசையைக் குறை, வந்த வழியே திரும்பு.

விமானத்தின் ரேடாரில் பார்த்து ஒதுங்கிப் போகலாமே? முடியாது. அது மழைத்துளியைப் பார்க்கச் செய்தது, இவ்வளவு பொடியான காய்ந்த தூள் அதன் கண்ணுக்குப் படாது. அதனால் உலகம் முழுக்க ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் (லண்டன், துலூஸ், டார்வின், டோக்கியோ மாதிரி) செயற்கைக்கோள் படத்தையும் காற்றுக் கணிப்பையும் வைத்து வரைபடம் போடுகின்றன. பொதுவாக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுசு வரும், அடுத்த 18 மணி நேரத்துக்கான கணிப்போடு. ஆகவே கவுன்டரில் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் போய்க் கேட்பதால் ஒன்றும் ஆகாது, அவர்களும் அடுத்த வரைபடத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

வான்வெளி திறந்ததும் கிளம்பிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு கணக்குப் போடுவோம். 180 இருக்கை விமானம், வழக்கமாக 153 பேர் போகிறார்கள், காலி 27. திறந்த அன்று முதல் உரிமை அன்றைய டிக்கெட்காரர்களுக்கு. முன்தினம் ரத்தான ஒரே ஒரு விமானத்தின் 153 பேர் அந்தக் காலி இடங்களில் ஏறிப் போக ஆறு விமானங்கள் வேண்டும். ஆறு விமானங்கள் ரத்தாகியிருந்தால் முப்பத்துநான்கு. அதனால்தான் ரத்து என்று தெரிந்த உடனே மாற்று இருக்கையைப் பிடித்துவைப்பவர் முதலில் போய்ச் சேருகிறார். அதற்காக, அவர்கள் ரத்து செய்வதற்கு முன்னால் அவசரப்பட்டு நாமே டிக்கெட்டை ரத்து செய்துவிடக் கூடாது, பணம் திரும்பக் கிடைப்பது சிக்கலாகிவிடும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி எரிமலை என்றால் நஷ்டஈடு கிடையாது, ஆனால் பணமோ மாற்றுப் பயணமோ தர வேண்டும், மாற்றுப் பயணத்துக்குக் காத்திருந்தால் சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து. ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம் வரைபடத்தை நீங்களும் பாருங்கள். சாம்பல் வட்டமாகப் பரவாது, காற்று போகும் பக்கம் வால் மாதிரி நீளும், சில நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனால் வெளியே வந்துவிடலாம். 2010-இல் வடக்கு ஐரோப்பா மூடிக் கிடந்தபோது ஸ்பெயினில் பெரும்பாலான விமான நிலையங்கள் இயங்கின. ரயிலோ பஸ்ஸோ பிடித்து அங்கே போனவர்களுக்கு விமானம் கிடைத்தது.